சுண்ணாம்பு போடுமுன் மண்ணைக் கேளுங்கள்



வீட்டுக்குப் பின்னால் கொல்லையில் நான்கு பாத்தி கட்டி, கத்தரி, வெண்டை, கீரை போட்டிருக்கிறீர்கள். தண்ணீர் தவறாமல் விடுகிறீர்கள். தொழு உரமும் போட்டாயிற்று. ஆனாலும் செடி ஏறமாட்டேன் என்கிறது. கீரை முளைத்து இரண்டு இலை விட்டதும் அப்படியே குந்திக்கொள்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "மண்ணு புளிச்சுப் போச்சுங்க, ரெண்டு கூடை சுண்ணாம்பு போடுங்க" என்கிறார். எதிர் வீட்டுப் பாட்டி, "அடுப்புச் சாம்பலைக் கொட்டு, எல்லாம் சரியாயிடும்" என்கிறார். உரக்கடைக்காரர் ஜிப்சம் மூட்டையைக் காட்டுகிறார். மூன்றும் வெள்ளைப் பொடிதான். யார் சொல்வதைக் கேட்பது?

பதிலை ஒரே வரியில் சொல்லிவிடலாம். யார் சொல்வதையும் கேட்குமுன் மண் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் இந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க உலகத்து விவசாயிகளுக்கு ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பிடித்தன. முதலில் மருந்து கிடைத்தது. வெகு காலம் கழித்து நோய் இன்னதென்று தெரிந்தது. எவ்வளவு மருந்து என்கிற அளவு கடைசியில்தான் வந்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். கதையைக் கேட்டுவிட்டால், கொல்லையில் என்ன செய்வது என்பது தானாகப் புரியும்.

மண் ஏன் புளிக்கிறது?

நமக்கு மோர் புளிப்பது தெரியும், மாவு புளிப்பது தெரியும். மண்ணுமா புளிக்கும்? புளிக்கும். மண்ணில் சுண்ணாம்புச் சத்து, மக்னீசியச் சத்து என்று காரத் தன்மையுள்ள சத்துகள் இருக்கின்றன. மழை அதிகம் பெய்யும் இடத்தில், ஆண்டு முழுவதும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, இந்தச் சத்துகளைக் கரைத்துக் கீழே கொண்டு போய்விடும். அவை விட்டுப் போன இடத்தில் அமிலத் தன்மை குடியேறிவிடும். இலை தழை மக்கும்போதும் அமிலம் உண்டாகிறது. அறுவடை செய்து எடுத்துப் போகும் ஒவ்வொரு கூடைக் காய்கறியோடும் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து வெளியே போகிறது. அம்மோனியம் சல்பேட், யூரியா போன்ற உரங்களும் போடப் போட மண்ணைப் புளிக்க வைக்கும்.

ஆகவே கனமழைச் சீமையில் மண் புளிக்கும். மழை குறைந்த வறண்ட சீமையில் அந்தச் சத்துகள் கழுவிப் போகாமல் மண்ணிலேயே தங்கிவிடும்; அங்கே மண் காரமாக இருக்கும். இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் இது மறுபடி வரும்.

மருந்து முதலில் வந்தது

இன்றைய பிரான்சு நாட்டுக்கு அந்தக் காலத்தில் கால் நாடு என்று பெயர். அங்கேயும் பிரிட்டனிலும் இருந்த குடியானவர்கள், சுண்ணாம்புச் சத்து கலந்த ஒருவகைக் களிமண்ணைப் பூமிக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்து வயலில் பரப்பினார்கள். நம் ஊரில் சுக்கான் மண் என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்ற ரோமானிய ஆசிரியர் இதை எழுதி வைத்திருக்கிறார். பிரிட்டனில் ஒருவகை வெள்ளை மண்ணை ஒரு தடவை போட்டால் 80 ஆண்டுகள் பலன் தரும் என்றும், தன் வாழ்நாளில் இரண்டாவது தடவை போட்டவர் யாரும் இல்லை என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

அந்தக் குடியானவர்களுக்கு அமிலம் என்ற பேச்சே தெரியாது. போட்டார்கள், விளைந்தது, மறுபடி போட்டார்கள். அனுபவம்தான் வாத்தியார்.

ஆனால் அனுபவ வாத்தியார் சொல்லித் தராத பாடம் ஒன்று இருந்தது. ஐரோப்பாவில் ஒரு பழமொழி வழங்கி வந்தது. சுண்ணாம்பு அப்பனைப் பணக்காரனாக்கும், மகனைப் பிச்சைக்காரனாக்கும் என்பது அதன் கருத்து. ஏன் அப்படிச் சொன்னார்கள்? சுண்ணாம்பு போட்டதும் மண்ணில் உள்ள மக்கு வேகமாகச் சிதைந்து, தழைச்சத்தைப் பயிருக்கு அள்ளிக் கொடுக்கும். சில ஆண்டுகள் விளைச்சல் கொட்டும். அப்பன், "சுண்ணாம்பு இருக்க எரு எதற்கு?" என்று தொழு உரம் போடுவதை நிறுத்திவிடுவான். மகன் காலத்தில் மக்கும் இருக்காது, மற்றச் சத்தும் இருக்காது. ஆக, சுண்ணாம்பு மண்ணுக்குச் சாப்பாடு அல்ல, மருந்து. மருந்து சாப்பிடுகிறோமே என்று சோற்றை நிறுத்தினால் உடம்பு என்ன ஆகும்?

நிறம் மாறும் பூ

1664-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி நிறங்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். ஊதா நிறப் பூ ஒன்றின் சாற்றில் அமிலத்தை விட்டால் சிவப்பாகிறது, காரத்தை விட்டால் பச்சையாகிறது என்று அதில் காட்டினார்.

நம் வீட்டுத் தாய்மார்களுக்கு இது புதிதல்ல. மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவந்து போகிறதே, அதுவும் இதே சங்கதிதான். சங்குப்பூவை வெந்நீரில் போட்டு எலுமிச்சம்பழம் பிழிந்து பாருங்கள். நீலம் மாறி ஊதாச் சிவப்பாகும். புளிப்பையும் காரத்தையும் நாக்கில் வைக்காமல் கண்ணாலேயே பார்க்கலாம் என்று ஆயிற்று. பிற்காலத்தில் லிட்மஸ் தாள் என்று ஒன்று இதற்காக விற்பனைக்கு வந்தது. நீலத் தாள் அமிலம் பட்டால் சிவக்கும்.

1813-ல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி விவசாய ரசாயனத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். லிங்கன்ஷயர் என்ற ஊர்ப்பக்கத்து மண் ஒன்று அவரிடம் வந்தது. பார்வைக்கு நல்ல மண். ஆனால் ஒன்றும் விளையாது. சோதித்துப் பார்த்தால், அதில் இரும்பு சல்பேட், நாம் அன்னபேதி என்கிறோமே, அந்த உப்பு இருந்தது. அது மண்ணைப் புளிக்க வைத்து வேரைக் கெடுத்தது. சுண்ணாம்பு போட்டால் சரியாகும் என்றார் டேவி. நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில், கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் குட்டநாட்டு நிலத்திலும் இதே குடும்பத்து நோய் உண்டு. அங்கே வேம்பநாட்டுக் காயல் கிளிஞ்சலை நீற்றிய சுண்ணாம்பைப் போட்டு நெல் விளைவிக்கிறார்கள்.

நோயைக் கண்டவர்

டேவியின் புத்தகம் கடல் கடந்து அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே எட்மண்ட் ரஃபின் என்ற இளம் பண்ணைக்காரர் அதைப் படித்தார். தலைமுறை தலைமுறையாகப் புகையிலையும் மக்காச்சோளமும் போட்டு நிலம் ஓய்ந்து கிடந்த காலம் அது. பலர் நிலத்தை விட்டுவிட்டு மேற்கே குடிபெயர்ந்து கொண்டிருந்தார்கள். ரஃபினும் மூட்டை கட்டலாமா என்று யோசித்தவர்தான்.

அவர் என்ன செய்தார்? மண்ணில் அமிலத்தை விட்டுப் பார்த்தார். சுண்ணாம்புக் கல் இருந்தால் நுரைத்துப் பொங்க வேண்டும். பொங்கவில்லை. நிலத்தில் முளைக்கும் களைகளையும் கவனித்தார். ஓய்ந்த நிலத்தில் புளிப்புச் சுவையுள்ள ஒருவகைக் களையும் பைன் மரமும் தாமாக வளர்ந்தன. நல்ல நிலத்தில் அவை இல்லை. "இந்த மண் புளித்துப் போன மண்" என்ற முடிவுக்கு வந்தார்.

அவர் நிலத்துக்கு அடியிலேயே, பழங்காலத்துக் கடல் கிளிஞ்சல்கள் நிறைந்த சுண்ணாம்பு மண் கிடந்தது. 1818-ல் அதைத் தோண்டிச் சில ஏக்கரில் பரப்பினார். அந்த ஆண்டே மக்காச்சோளம் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு கூடுதலாக விளைந்தது. 1832-ல் இதையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதினார்.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தச் சுண்ணாம்பு மண்ணை வெட்டிச் சுமந்தவர்கள் அவருடைய அடிமைகளான கறுப்பின மக்கள். ரஃபின் அடிமை முறையைக் கடைசி வரை விடாப்பிடியாக ஆதரித்தவர். புத்தகத்தில் பெயர் அவருடையது. முதுகில் சுமை அவர்களுடையது. மண்ணைப் பற்றி அவர் கண்டது உண்மை; மனிதரைப் பற்றி அவர் கொண்டது கொடுமை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ரஃபின் இன்னொன்றையும் எழுதி வைத்தார். சில இடங்களில் அளவுக்கு மிஞ்சிப் போட்டுவிட்டதால், இளைத்த நிலத்தில் பயிர் கெட்டுப் போயிற்று என்பதையும் பதிவு செய்தார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிறோம். விரல் நுனியளவு என்றால் வாய் சிவக்கும். அதற்கு மேலே போனால் வாய் வெந்துவிடும். மண்ணுக்கும் அதே கணக்குதான்.

காய்கறிக்கு வந்த சோதனை

இதுவரை சொன்னதெல்லாம் வயல் காட்டுக் கதை. காய்கறித் தோட்டத்துக்கு இந்தப் பாடத்தைக் கொண்டு வந்தவர்கள் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்து ஆராய்ச்சி நிலையத்தார். 1890-களில் அங்கே ஹோமர் வீலர் என்ற ரசாயன விஞ்ஞானி வேலை பார்த்தார். அமிலம் என்பது சதுப்பு நிலத்து நோய் என்றுதான் அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். "அப்படியல்ல, தண்ணீர் நன்றாக வடியும் மேட்டு நிலமும் புளிக்கும்" என்று அவர் காட்டினார்.

அவர் செய்த சோதனை எளியது. ஒரே மண்ணில் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகள். ஒரு பாத்திக்குச் சுண்ணாம்பு உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. மற்ற உரமெல்லாம் சமம். பலவகைச் செடிகளைப் போட்டுப் பார்த்தார். பாலக்கீரை, பீட்ரூட், லெட்டூஸ், வெங்காயம் ஆகியவை சுண்ணாம்பு இல்லாத பாத்தியில் உருப்படவே இல்லை. சுண்ணாம்பு போட்ட பாத்தியில் செழித்தன. ஆனால் எல்லாச் செடியும் அப்படி இல்லை. தர்ப்பூசணி போன்ற சில, சுண்ணாம்பு போடாத பாத்தியிலேயே நன்றாக இருந்தன. புளிப்பைச் சகிக்கும் செடி ஒன்று, சகிக்காத செடி ஒன்று என்று இரண்டு சாதி உண்டென்பது தெளிவாயிற்று.

அதே நிலையத்தில் 1918-ல் இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. புளித்த மண்ணில் வேர் கருகுவது அமிலத்தால் மட்டும் அல்ல. மண்ணுக்குள் களிமண்ணோடு ஒட்டிச் சும்மா கிடக்கும் அலுமினியம், மண் புளித்ததும் கரைந்து வெளியே வருகிறது. அதுதான் வேருக்கு விஷம். அதோடு மணிச்சத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. சூப்பர் பாஸ்பேட் போட்டும் செடி ஏறவில்லை என்று மலைப்பக்கத்து விவசாயிகள் குறைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். சுண்ணாம்பு போட்டால் அலுமினியம் மறுபடி கட்டுப்பட்டு அடங்கிவிடும்.

தாத்தா போட்ட சுண்ணாம்பு

உரம் எப்படி மண்ணைப் புளிக்க வைக்கும் என்பதற்கு இங்கிலாந்திலிருந்து ஒரு சாட்சி. ரோதாம்ஸ்டெட் என்ற ஊரில் 1843 முதல் இன்று வரை நடந்துவரும் கோதுமைச் சோதனை ஒன்று உண்டு. வோபர்ன் என்ற இன்னோர் ஊரில், மணற்பாங்கான நிலத்தில் 1876-ல் அதே மாதிரிச் சோதனை தொடங்கினார்கள். இரண்டு இடத்திலும் சில பாத்திகளுக்கு ஆண்டுதோறும் அம்மோனியா உப்பு உரம் போட்டார்கள். வோபர்னில் இருபது ஆண்டுக்குள் அந்தப் பாத்திகளில் பார்லி முளைத்து நிற்கவே மாட்டேன் என்றது. 1897-ல் சுண்ணாம்பு போட்டதும் பயிர் எழுந்து நின்றது. ரோதாம்ஸ்டெட் கோதுமை வயலிலோ அப்படி ஒரு சேதமும் இல்லை.

ஏன்? ரோதாம்ஸ்டெட் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. சோதனை தொடங்குவதற்கு முன்பே அந்த ஊர்க் குடியானவர்கள் குழி வெட்டி அதை மேலே எடுத்து, வயலில் ஏராளமாகப் பரப்பியிருந்தார்கள். தாத்தா போட்ட சுண்ணாம்பு, பேரன் போட்ட உரத்தின் புளிப்பை ஆண்டுக்கணக்கில் தாங்கிக்கொண்டது. வோபர்ன் மணலில் அந்தக் கையிருப்பு இல்லை.

அதே ரோதாம்ஸ்டெட்டில் 1856-ல் தொடங்கிய புல்தரைச் சோதனையும் ஒன்று உண்டு. அங்கே அம்மோனியா உரம் மட்டும் பெற்று, சுண்ணாம்பு பெறாத பாத்தியில் மண் மிகக் கடுமையாகப் புளித்து, பலவகைப் புல் பூண்டு இருந்த இடத்தில் ஓரிரு வகைப் புல்லே மிஞ்சியது. மக்காத புல் மெத்தை மாதிரி மேலே தேங்கிவிட்டது. சுண்ணாம்பு பெற்ற பக்கத்துப் பாதி நன்றாக இருக்கிறது. இன்றைக்குப் போனாலும் இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

அளவு கடைசியில் வந்தது

"புளிப்பு இருக்கிறது" என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு புளிப்பு? அதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமே! 1909-ல் டென்மார்க்கு நாட்டில் கோபன்ஹேகன் நகரில், பீர் தொழிற்சாலை ஒன்று நிறுவிய கார்ல்ஸ்பெர்க் ஆராய்ச்சிக் கூடத்தில் சோரன்சன் என்ற விஞ்ஞானி ஓர் எண் கணக்கைக் கொடுத்தார். அதுதான் பி.எச். எண். தமிழில் கார அமில நிலை என்கிறோம். ஏழு என்றால் நடுநிலை. ஏழுக்குக் கீழே போகப் போக அமிலம். மேலே போகப் போகக் காரம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு. ஆறு என்றால் ஏழைவிடப் பத்து மடங்கு புளிப்பு. ஐந்து என்றால் நூறு மடங்கு. "அஞ்சரைக்கும் ஆறரைக்கும் என்னங்க பெரிய வித்தியாசம்?" என்று கேட்கக் கூடாது. பத்து மடங்கு வித்தியாசம்!

1934-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்னால்டு பெக்மன் என்பவர், இந்த எண்ணை முள்ளைப் பார்த்துப் படிக்கும்படி ஒரு மின் கருவி செய்தார். எதற்குத் தெரியுமா? எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க ஒரு நண்பர் கேட்டதற்காக! இன்று மண் பரிசோதனை நிலையங்களில் இருப்பது அந்தக் கருவியின் பேரப்பிள்ளைதான்.

எண் தெரிந்தால் மட்டும் போதாது. ஒரே எண் காட்டும் மணல் மண்ணுக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு போதும். களிமண்ணுக்கு நிறைய வேண்டும். களிமண் தன் புளிப்பை மடியில் முடிந்து வைத்திருக்கும். அதையும் சேர்த்துக் கணக்கிடும் முறை ஒன்றை 1961-ல் அமெரிக்காவின் ஒஹையோ விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். நம் நாட்டிலும் அந்த முறை வழக்கத்தில் இருக்கிறது. "சுண்ணாம்புத் தேவை" என்று பரிசோதனைச் சீட்டில் எழுதித் தருவது இதைத்தான்.

புளிப்பையே விரும்பும் செடி

சுண்ணாம்பின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். இப்போது எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். புளூபெர்ரி என்று நாவல் நிறத்தில் ஒரு சின்னப் பழம் அமெரிக்கக் காடுகளில் விளையும். வளமான தோட்ட மண்ணில் எருவும் சுண்ணாம்பும் இட்டு நட்டால் அது சாகும். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. 1910-ல் பிரடெரிக் கோவில் என்ற தாவர விஞ்ஞானி தன் சோதனைகளை வெளியிட்டார். அந்தச் செடிக்குப் புளித்த மண்தான் வேண்டும். நாம் "நல்ல மண்" என்று நினைப்பது அதற்கு நஞ்சு. இதைப் புரிந்துகொண்ட பிறகே அது தோட்டப் பயிராயிற்று.

நம் நீலகிரியில் தேயிலையும் அப்படித்தான். தேயிலைக்கு நாலரையிலிருந்து ஐந்தரை வரை புளிப்பு இருந்தால் சுகம். அதே மலையில், அதே தோட்டத்தில், வீட்டு வாசலில் போடும் முட்டைக்கோசுக்கும் பீட்ரூட்டுக்கும் அது ஆகாது. ஆகவே நல்ல மண், கெட்ட மண் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எந்தச் செடிக்கு என்று கேட்க வேண்டும்.

நம் கொல்லைக்கு என்ன வழி?

இப்போது நம் ஊருக்கு வருவோம். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைகளிலும், கன்னியாகுமரி மாவட்டத்துச் செம்பொறை மண்ணிலும் புளிப்பு உண்டு. மழை கழுவிய மண். அங்கே சுண்ணாம்புக்கு வேலை இருக்கிறது. ஆனால் கோயம்புத்தூர், திருநெல்வேலி, மதுரை என்று சமவெளி மாவட்டங்களில் பெரும்பாலான நிலம் நடுநிலை அல்லது காரம். பல இடங்களில் மண்ணுக்குள்ளேயே சுக்கான் கல் கிடக்கிறது. அங்கே போய்ச் சுண்ணாம்பு கொட்டுவது, உப்பு கரிக்கும் குழம்பில் இன்னும் ஒரு பிடி உப்பு போடுவது போலத்தான்.

காரம் கூடினால் என்ன ஆகும்? மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் செடிக்குக் கிடைக்காது. இளங்கொழுந்து வெளுத்து மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அப்படி வெளுத்தால் அன்னபேதியை லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, சாயங்கால வேளையில் இலையில் தெளிக்கலாம். தொழு உரமும் தழை உரமும் கூடுதலாகப் போட வேண்டும்.

களர் நிலம் வேறு சமாசாரம். சோடியம் உப்பால் மண் இறுகி, தண்ணீர் இறங்காமல் நிற்கும். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் கலிபோர்னியாவில் ஹில்கார்டு என்ற மண் விஞ்ஞானி, இதற்கு ஜிப்சம் மருந்து என்று எடுத்துச் சொன்னார். ஜிப்சம் சோடியத்தை விரட்டும். ஆனால் புளிப்பை முறிக்காது. சுண்ணாம்பு புளிப்பை முறிக்கும், களரைத் திருத்தாது. இரண்டும் வெள்ளைப் பொடி என்பதால் ஒன்றுக்கு ஒன்று மாற்று ஆகிவிடாது. கடையில் கேட்டு வாங்கும்போது பெயரைத் தெளிவாகச் சொல்லி வாங்குங்கள்.

மண்ணின் காரத்தைக் குறைக்கக் கந்தகம் போடுவதும் உண்டு. கந்தகம் தானாக எதுவும் செய்யாது. மண்ணில் உள்ள ஒரு நுண்ணுயிர் அதைத் தின்று அமிலமாக மாற்ற வேண்டும். அந்த நுண்ணுயிரை 1922-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வாக்ஸ்மன், ஜாஃபி என்ற இருவர் விவரித்தார்கள். வேலை மெதுவாக, மாதக்கணக்கில் நடக்கும். ஆனால் சுக்கான் நிறைந்த மண்ணில் எவ்வளவு கந்தகம் போட்டாலும் சுண்ணாம்பு அதை விழுங்கிவிடும். அங்கே மண்ணோடு மல்லுக்கு நிற்காமல், அந்த மண்ணுக்கு ஒத்துவரும் காய்கறியைப் போடுவதே புத்திசாலித்தனம்.

சரி, வரிசையாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை. காய்ந்த மண் ஒரு பிடி எடுத்து, அதில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விடுங்கள். நுரைத்துச் சீறினால் மண்ணில் சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கிறது. சுண்ணாம்புப் பேச்சையே விட்டுவிடுங்கள். ரஃபின் செய்த சோதனையும் இந்த வகைதான். சீறவில்லை என்பதற்காக மண் புளித்துவிட்டது என்று அர்த்தமில்லை. அடுத்த படிக்குப் போக வேண்டும் என்றுதான் அர்த்தம்.

இரண்டாவது, மண் பரிசோதனை. கொல்லையில் ஐந்தாறு இடத்தில், மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழ் வரை மண்ணைச் சீவி எடுங்கள். எருக்குழி ஓரம், வரப்பு, மரத்தடி, சாம்பல் கொட்டிய இடம் ஆகியவற்றில் எடுக்க வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ மட்டும் பையில் போட்டு, பெயரும் இடமும் எழுதி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். நம் நாட்டில் 1955-56-ல் 24 நிலையங்களோடு தொடங்கிய ஏற்பாடு இது. 2015-ல் மண்வள அட்டைத் திட்டம் வந்தது. அந்த அட்டையிலும் கார அமில நிலை போட்டிருக்கும். ஆனால் அது வயல் மண்ணுக்கு எடுத்தது. கொல்லை மண் வேறு; அதைத் தனியாகக் கொடுங்கள்.

மூன்றாவது, எண்ணைப் படிப்பது. ஆறிலிருந்து ஏழரைக்குள் இருந்தால் பெரும்பாலான காய்கறிக்கு நல்லது. ஒன்றும் செய்ய வேண்டாம். எரு மட்டும் போடுங்கள். ஐந்தரைக்குக் கீழே போனால் சுண்ணாம்பு வேண்டும். உருளைக்கிழங்கு போடும் பாத்தி என்றால் கையை அடக்குங்கள். அதற்குப் புளிப்பு ஓரளவு இருக்கலாம். சுண்ணாம்பு கூடினால் கிழங்கின் தோலில் சொறி விழும்.

நான்காவது, அளவு. பரிசோதனைச் சீட்டில் எழுதிய அளவே அளவு. எப்படி இருந்தாலும் ஒரே தடவையில் ஒரு சென்ட்டுக்கு 10 கிலோ சுண்ணாம்புக் கல் தூளுக்கு மேல் போக வேண்டாம். அதற்கு மேல் தேவை என்றால் இரண்டு மூன்று பருவமாகப் பிரித்துப் போடலாம். நீற்றிய சுண்ணாம்பு என்றால் அளவு குறையும். 100 கிலோ கல் தூள் செய்யும் வேலையை 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பே செய்துவிடும். நீற்றாத சுட்ட சுண்ணாம்பு 56 கிலோ போதும். சுட்ட சுண்ணாம்பு கையையும் கண்ணையும் பொசுக்கும். பிள்ளைகள் நடமாடும் கொல்லைக்குக் கல் தூளே நல்லது.

ஐந்தாவது, போடும் விதம். விதைப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாகத் தூவி, மண்வெட்டியால் கொத்திக் கிளறிக் கலந்துவிடுங்கள். சுண்ணாம்பையும் பச்சைச் சாணத்தையும் ஒன்றாகப் போடாதீர்கள், யூரியாவோடும் சேர்க்காதீர்கள். தழைச்சத்து ஆவியாகப் பறந்துவிடும். இடையில் இரண்டு வாரம் விடுங்கள். ஆனால் தொழு உரத்தை நிறுத்திவிடாதீர்கள். அப்பனும் மகனும் பழமொழி நினைவிருக்கட்டும்.

ஆறாவது, சாம்பலும் முட்டை ஓடும். விறகுச் சாம்பல் காரம். புளித்த மண்ணில் அளவாகத் தூவினால் சாம்பல்சத்தும் கிடைக்கும், புளிப்பும் தணியும். கார மண்ணில் அடுப்புச் சாம்பலைத் தினமும் ஒரே இடத்தில் கொட்டினால் அந்த இடம் கெடும். முட்டை ஓடு சுண்ணாம்புதான். ஆனால் முழுசாகப் போட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். பொடியாக இடித்துப் போட்டால்தான் மண்ணோடு சேரும்.

ஏழாவது, ஒரு பாத்தியை மிச்சம் வையுங்கள். வீலர் செய்தது போல, ஒரு பாத்திக்குப் போட்டு, பக்கத்துப் பாத்திக்குப் போடாமல் அதே கீரையை இரண்டிலும் விதையுங்கள். ஒரு மாதத்தில் கீரை தீர்ப்புச் சொல்லிவிடும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி மண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

பிளினி காலத்துக் குடியானவனுக்கு மருந்து மட்டும் இருந்தது. ரஃபினுக்கு நோய் தெரிந்தது, ஆனால் எண் இல்லை. வோபர்ன்காரர்கள் இருபது ஆண்டு உரம் போட்டு, பயிர் செத்த பிறகு தெரிந்துகொண்டார்கள். நமக்கோ அரைக் கிலோ மண்ணும் ஒரு பையும் இருந்தால் போதும், விடை வந்துவிடும். இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு யோசனையில் இரண்டு கூடை சுண்ணாம்பைக் கொட்டிவிட்டால், அதைத் திரும்ப அள்ளி எடுக்க முடியாது. அந்த மண் பழைய நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை நம் வீட்டுக் குழந்தைகளுக்கு அந்தக் கொல்லையிலிருந்து கீரை கிடைக்காது.

மழைக்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கி, மண்ணை எடுத்துக் கொடுத்து வாருங்கள்.